கனகா பார்த்த கால்கள்

வேனை ஊர் முனையில் நிறுத்தி ஹாரன் அடித்தால் முதலில் வருவது நாய்கள். நோயாளிகள் கடைசியில்தான் வருவார்கள், அதுவும் நான் இறங்கி நின்று பேர் சொல்லிக் கத்திய பிறகு. இலவசமாக மாத்திரை கொடுக்க வந்தவன் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும். கனகாக்காவுக்கு வராது. அவர் பாட்டுக்குத் தன் முக்காலியை எடுத்துக்கொண்டு இறங்கி, நிழலாகப் பார்த்து, ஒரு பக்கெட் தண்ணீரும் துண்டுமாக உட்கார்ந்துவிடுவார். கால் பார்ப்பது அவர் வேலை.

நான் மோகன், வண்டி ஓட்டுபவன். வேனின் இரண்டு பக்கமும் பாலாற்றங்கரை நலவாழ்வு அறக்கட்டளை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் வாய் வராது, டிரஸ்டு வண்டி என்பார்கள். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு குடும்பம் ஆரம்பித்தது. பெரியவர் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார், மகள் அவர் பேரில் இதைத் தொடங்கினார். அரிசி விற்ற காசில் சர்க்கரைக்கு வைத்தியம் என்று நான் கிண்டல் செய்வது உண்டு. அந்த அம்மா காதிலேயே ஒருநாள் அது விழுந்துவிட்டது. சிரித்துவிட்டுப் போனார், நான் பிழைத்தேன்.

உத்திரமேரூரில் ஆபீஸ். தினம் ஒரு ஊர் என்று சுற்றி, மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் திரும்ப வருவோம். ரத்தம் எடுத்துப் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, அடுத்த மாதம் வரைக்கும் மாத்திரை கொடுப்பது, எங்களால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கூட ஆளில்லாதவர்களுக்கு ஆளாக இருப்பது. டாக்டர் சுகிர்தா வந்த பிறகுதான் கால் பார்க்கிற வேலை சேர்ந்தது. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது, அந்தப் புண்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பார் டாக்டரம்மா. அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டபோது கனகாக்காவைச் சேர்த்தார்கள்.

கனகாக்கா பிறந்த ஊர் தென்னேரி. கட்டிக்கொண்டு வந்தது காவாந்தண்டலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வீட்டுக்காரர் பெயர் முத்துவேல், சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம். அவருக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் முகாமில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மனிதர் முகாம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்க கனகாக்காதான் வருவார். "நோய் அவருக்கு, வரிசைல நிக்கிறது நீங்களா? அப்ப எங்ககூடவே வந்துடுங்க" என்று டாக்டரம்மா கேட்டார். அப்படித்தான் வேலைக்கு வந்தார்.

எங்கள் ஜனத்துக்குக் கால் என்பது சின்ன விஷயமில்லை. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கனகாக்கா ஒருவர் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தால் அந்த ஆள் பதறிப்போய்ப் பின்னால் இழுப்பார். இழுத்து முக்காலியோடு அக்காவையும் சாய்த்தவர்கள் உண்டு. ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பில் கோவிந்தம்மாள் என்று ஒருத்தி. முதல் முறை காலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"வேணாம்மா. நீ எங்க காலத் தொட்டா எங்களுக்குத்தாம்மா பாவம்."

"பாவத்த நான் வூட்டுக்கு எத்துக்கினு போறேன். நீ காலக் குடு."

கொடுத்தாள். விரல் சந்தில் பழைய புண், அதற்குள் ஈ. நாங்கள் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் வண்டியைத் திருப்பி அங்கே நிறுத்தி, அக்கா கட்டு மாற்றினார். புண் ஆறியது. இன்றைக்குக் கோவிந்தம்மாள் வேனைப் பார்த்ததும் காலைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறாள், நான் கத்த வேண்டியதில்லை.

பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முனையில் விறைப்பான நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அந்த இழையை வைத்து அழுத்துவார். பட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தில் உணர்ச்சி இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு டிரஸ்டிலிருந்து மெத்தென்ற செருப்பு கொடுப்போம். ராத்திரி படுக்கும்முன் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படு என்று சொல்லி அனுப்புவார். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்கத்தான் ஆளில்லை.

ஊரார் கால் எல்லாம் பார்த்த அக்காவிடம் கால் காட்டாத ஒரே ஆள் முத்துவேல். "பொண்டாட்டிகிட்ட காலக் காட்டி வைத்தியம் பாக்கறதா?" என்பாராம். அதற்கும் மேல் ஒரு காரணம் இருந்தது.

அவர்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. வருஷா வருஷம் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் கதை, ராத்திரியில் கூத்து, கடைசியில் ஒரு சாயங்காலம் தீமிதி. போன வருஷம் முத்துவேலும் காப்புக் கட்டிக்கொண்டு இறங்கினார். மற்றவர்கள் தணலில் கால் வைத்ததும் ஓட்டமாக ஓடிக் கடப்பார்கள். முத்துவேல் ஓடவில்லை. வயல் வரப்பில் போவதுபோல் நிதானமாக நடந்து போனார். ஊரே வாயைப் பிளந்தது. பூவாகத் தாங்கினாள் அம்மன் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முத்துவேல் அதுவரைக்கும் யார் கண்ணிலும் படாத மனிதர். ஊர்க் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் வேறு பேச ஆரம்பித்துவிடுவார். அந்தத் தீமிதிக்குப் பிறகு டீக்கடையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். கல்யாணத்தில் முதல் தட்டு அவருக்கு வந்தது. குழந்தைக்குத் திருநீறு வைக்கக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு மரியாதை கிடைத்தால் அதை விடுவானா? நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள், உத்திரமேரூர் சந்தைக்குப் போன முத்துவேல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வெயிலில் தார் ரோட்டில் வெறும் காலோடு நடந்து வந்திருக்கிறார், அதுவும் தெரியவில்லை. தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கனகாக்கா முக்காலியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். காவாந்தண்டலம் தாண்டியதும் சொன்னார்.

"மோகன், அவருக்குக் கால்ல உணர்ச்சியே இல்லப்பா. போன வருசம் நெருப்புல மெதுவா நடந்தாரே, அது அதனாலதான். அன்னிக்கு மத்தியானம் ஒரு மழ வந்து தணல் அடங்கிக் கெடந்தது, தப்பிச்சாரு. இந்த வருசமும் எறங்கறேன்னு சொல்லிக்கினு கீறாரு."

"வூட்ல சொல்லித் தடுத்துடு, அக்கா."

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"அப்ப போன வருசம் என்னத் தாங்கனது அம்மன் இல்ல, சக்கரைன்னு சொல்றியான்னு கேட்டாரு."

கியரை மாற்றினேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. நடக்கப் போவது நடந்து முடிந்துவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

டாக்டர் சுகிர்தா விடவில்லை. ஊருக்கே போனார், நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். தர்மகர்த்தா சின்னராசு நல்ல மனிதர், மோர் கொடுத்து உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். "அவரா வந்து வேணாம்னா நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்மா. கட்டிக்கிறேன்றவனை வேணாம்னு சொல்ல எங்களுக்கு இன்னா அதிகாரம் கீது?" என்றார். முத்துவேல் டாக்டரம்மாவைக் கண்டதும் கும்பிட்டார், சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அந்த வாரமே காப்புக் கட்டிக்கொண்டார்.

காப்புக் கட்டினால் வீட்டுக்குப் போகக் கூடாது, கோயிலில்தான் படுக்கை. செருப்பு கூடாது, கறி கூடாது, பெண்டாட்டி தொடக் கூடாது. மாத்திரை கூடாது என்று யாரும் சொல்லவில்லை, முத்துவேலாகவே சேர்த்துக்கொண்டார். மாத்திரைப் பையைக் கனகாக்கா கொண்டுபோய்க் கொடுத்தால் அப்படியே திருப்பி அனுப்பினார்.

தீமிதிக்கு முன்தினம் மத்தியானம். இதை அக்காவே என்னிடம் சொன்னார். மண்டபத்தில் காப்புக் கட்டியவர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாரதக் கதை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நீர்மோர் கொண்டுபோயிருக்கிறார். முத்துவேலின் பாதம் இரண்டும் மண்டபத்துப் படிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலாவது பிழைத்திருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றார். இடுப்பிலிருந்து அந்த இழையை எடுத்து வைத்துப் பார்த்தார். அசைவில்லை. பெருவிரலால் அழுத்தினார், நகத்தால் கீறினார். இரண்டு காலிலும் அசைவில்லை. பக்கத்தில் படுத்திருந்த ஆள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டான். முத்துவேல் எழுந்தது அந்தக் கூச்சலுக்குத்தான்.

கோயில் முழுக்கச் சத்தம். காப்புக் கட்டினவனைத் தொட்டுவிட்டாள், அதுவும் ஊர் ஊராகப் போய் எல்லார் காலையும் கழுவுகிற கையால் தொட்டுவிட்டாள் என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் நான் கையை நீட்டியிருப்பேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று. சின்னராசுதான் எல்லாரையும் அடக்கினார். "மனசுல சஞ்சலம் இருந்தா காப்ப அவுத்துடுப்பா, ஊரு தப்பா நெனைக்காது" என்று முத்துவேலிடம் சொல்லவும் சொன்னார். முத்துவேல் கேட்கவில்லை. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அம்மன் முன்னால் போய் உட்கார்ந்தார். கனகாக்கா வீட்டுக்குத் திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் வேனை நிறுத்திக்கொண்டு நின்றோம். வழக்கமாக ஒருவருக்கு மயக்கம், ஒருவருக்குச் சின்னக் காயம் என்று வரும், அதனால் சின்னராசுவே எங்களைக் கூப்பிட்டிருந்தார். மழை இல்லை. புளியங்கட்டைத் தணல் சிவந்து கிடந்தது, பத்தடி தள்ளி நின்றாலே முகம் காய்ந்தது. குழிக்கு அந்தப் பக்க முனையில் பால் ஊற்றிய பள்ளம், அதன் ஓரத்தில் பெண்கள் கூட்டத்தில் கனகாக்கா.

முத்துவேல் இறங்கினார். போன வருஷத்தைவிட நிதானமாக நடந்தார். பாதி வழியில் நின்று, கையெடுத்து, அம்மன் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். கூட்டம் ஓவென்று எழுந்தது. ஜனம் அவர் முகத்தைப் பார்த்தது. அக்கா மட்டும் தலை குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பள்ளத்தில் இறங்கிச் சிரித்துக்கொண்டே கரையேறினார் முத்துவேல். இடது காலின் அடித்தோல் பாலில் மிதந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஏறவில்லை. மறுநாள் பாரதக் கதையில் பட்டாபிஷேகம் முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் மருந்து கிடையாது என்றுவிட்டார். வலி இருந்திருந்தால் தானாக ஓடிவந்திருப்பார். வலிதான் இல்லையே. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு, மறுநாள் முழுக்கக் கோயில் மண்ணில் நடமாடினார். காப்பு அவிழ்த்த பிறகு, காய்ச்சலில் பல் கிட்டிய ஆளைத் தூக்கி வந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா வண்டியிலேயே சுத்தம் செய்து கட்டினார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வலது காலிலும் கொப்புளம் இருந்தது, அது ஆறிவிட்டது. இடது கால் கறுத்துக்கொண்டே மேலே ஏறியது. அங்கே இருந்த டாக்டர்கள் காலைக் காப்பாற்றக் கடைசிவரை பார்த்தார்கள். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

அந்த நாட்களில் டிரஸ்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் துணைக்குப் போனோம். சாப்பாடு போனது, பிறகு வீட்டுக்கே வந்து கட்டு மாற்றினார்கள், செயற்கைக் காலுக்கு அளவெடுத்தார்கள். அரிசி மில் அம்மாவே ஒருநாள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். எல்லாம் முறையாக நடந்தது. முறையாக நடந்தது என்று சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கனகாக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முத்துவேல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே இவர் முக்காலியோடு வேனில் ஏறிவிட்டார். வழக்கம்போல் கால்களைக் கழுவினார், துடைத்தார், இழையை வைத்தார். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டார். அழுதாவது தொலையேன்கா என்று ஒருநாள் கத்திவிட்டேன். "வரலப்பா, வந்தா அழமாட்டேனா?" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை. அந்தப் பக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

அவர் ஊரில் கதை வேறாக முடிந்திருந்தது. தீமிதிக்கு முன்னால் பெண்டாட்டி தொட்டுவிட்டாள், அதனால் அம்மன் கைவிட்டாள். யாரும் சண்டை போட்டுச் சொல்லவில்லை. டீக்கடையில் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். எங்கள் வேன் அந்த ஊருக்குப் போனபோது மாத்திரை வாங்க வந்தார்கள், ரத்தம் கொடுத்தார்கள், அக்காவின் முக்காலிப் பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை. டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஊர்க் கூட்டம் போட்டு, படம் காட்டி, நடந்ததை விளக்கப்போகிறேன் என்றார்.

"வேணாம் மேடம்" என்றார் கனகாக்கா.

"ஏங்க, உங்க மேல பழி போடறாங்களே?"

"போடட்டும். அந்தாளுக்கு இன்னும் ஒரு கால் கீது. அதப் பாக்கணும். எங்கிட்டக் காட்டப் பயந்துக்கினு கீறாரு."

அது உண்மை. வலது காலிலும் உணர்ச்சி இல்லை, ஒற்றைக் காலில் எடை முழுக்க ஏறுகிறது, தினம் பாதத்தைப் பார்க்காவிட்டால் அதுவும் போகும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது. வீட்டில் இருப்பது அக்கா ஒருத்திதான். மகளைச் சென்னைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலை முத்துவேல் நாள் முழுக்கப் போர்வைக்குள் வைத்திருந்தார். அக்கா கிட்டே போனால் இழுத்துக்கொள்வார்.

வலது காலுக்கான செருப்பு வந்தபோது அதைக் கொடுக்க நானே போனேன். முத்துவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புதுக் கால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே முத்துவேல் பேச ஆரம்பித்தார்.

"டிரைவரே, ஊர்ல பேசறாப்பல நான் இவளத் திட்டல. இவ கெட்ட எண்ணத்துல தொடல, பாசத்துல தொட்டுட்டா. ஆனா காப்புக் கட்டினவன் காலத் தொடலாமா, சொல்லு? போன வருசம் என்ன எப்பிடித் தாங்கினா அம்மா! இந்த வருசமும் நடுவுல நின்னு கும்புடு போட்டனே, உன் கண்ணால பாத்தியே, அவ இல்லாமயா நின்னேன்? இவ கை பட்டதுலதான் கடைசில வுட்டுட்டா." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது. "நீயே சொல்லு கனகா. நீ தொட்டதாலதான?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. யோவ், அது சர்க்கரை, போன வருஷமும் சர்க்கரை, இந்த வருஷமும் சர்க்கரை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை, வாயை மூடு என்றுதான் இருந்தது. மூடிக்கொண்டேன். முத்துவேல் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பார்வையை நான் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறேன், உள்ளேயிருந்து யாராவது வந்து நல்ல சேதி சொல்லமாட்டார்களா என்று நிற்பவர்களிடம்.

"ஆமா" என்றார் கனகாக்கா. "என்னாலதான்."

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"காப்புக் கட்டிக்கினு இருக்கறப்பத் தொட்டது தப்புதான். இப்ப காப்பு இல்ல. அந்தக் கால நீட்டு."

முத்துவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போர்வையை விலக்கி, கல்யாணமான நாளிலிருந்து அக்கா கையில் கொடுக்காத காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.